மானுக்கு முன்னால் பேசிய பேச்சு

போன மாதம் ஒடுகத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது, எங்கள் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் அப்பளத்தை நொறுக்கியது. என் கை இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. மூச்சும் நின்றுவிட்டது. கண் மட்டும் மண்டபத்தின் மறுகோடியைத் துழாவிக்கொண்டிருந்தது, எங்காவது ஒரு காது அசைகிறதா என்று.

"இன்னாக்கா, சோத்துல கல்லா?" என்றாள் பக்கத்து இலைக்காரி.

"இல்லம்மா. யாரோ சருகை மெதிச்சிட்டாங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மாசி மாதத்துத் தேக்கிலையை மிதித்தால் இதே சத்தம்தான் வரும். முட்டி தேய்ந்துபோய், மான் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் நடையை நான் விட்டுவிட்டேன். சரிவில் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். முட்டிக்குத்தான் சொன்னார். காதுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் ஜவ்வாது மலை அடிவாரத்தில் வேலையில்தான் இருக்கிறது.

நீங்கள் நடைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். குழுவில் சேர்ந்த முதல் வாரமே தொலைநோக்கி பிடிக்கவும், மண்ணைத் தூவிக் காற்றுப் பார்க்கவும், விருந்தினருக்குக் கைச்சாடை காட்டவும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்ப எழுதப்போவதில்லை. நம் வேலையை வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: விடியலில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, மானுக்குத் தெரியாமல் மான் வரைக்கும் போய், மானுக்குத் தெரியாமல் திரும்பி வருவது. அவ்வளவுதான். துப்பாக்கி இல்லை, கூண்டு இல்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு தடவை வந்து, நெல்லி மரத்தடியில் மான் மென்றுகொண்டிருக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் படுத்துப் பார்க்கட்டும். அப்புறம் சிரிக்க மாட்டார்கள். திரும்பிப் போகும் வழி முழுக்கப் பேசவும் மாட்டார்கள்.

எனக்கு இந்த வேலையைக் காட்டியவர் ஒருவர் உண்டு. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். முதல் நாள் அவர் என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போகவே இல்லை. ஊர் எல்லையில் நிற்க வைத்து மலையைப் பார்க்கச் சொன்னார். "மானு ஓடினா எந்தப் பக்கம் ஓடும்னு மொதல்ல பாரு. அப்பறமா மானைப் பாரு" என்றார். நான் மலையையும் பார்த்தேன், முதுகுக்குப் பின்னால் ஊரையும் பார்த்தேன். மேலே காடு. கீழே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைகிற கொல்லைகள். கொல்லைக்குக் கொல்லை சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. கிணற்றைச் சுற்றி நாய்கள். மிரண்ட மான் மேலே போனால் பிழைத்தது. கீழே வந்தால் நாய், நாய்க்குப் பயந்தால் கிணறு.

அதனால்தான் நம் குழு மானை எப்போதும் கீழிருந்து மட்டும் அணுகுகிறது. கால் கடுக்கும், ஓடைக் கற்கள் முட்டியைத் தின்னும், என் முட்டியே சாட்சி. ஆனாலும் கீழிருந்துதான். அதனால்தான் நடை இருக்கிற நாளைக்கு முந்தின மாலை தெரு முழுக்கச் செய்தி போகிறது: "நாளைக்கு நடை." கேட்டவர்கள் நாயைக் கட்டிவிடுவார்கள். இதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. நாங்கள் தெருத் தெருவாகப் போய்ப் பேசிப் பேசி உண்டாக்கிய வழக்கம். "உன் மானுக்காக என் நாய் இன்னாத்துக்குடி பட்டினி கெடக்கணும்?" என்று முதலில் சண்டை போட்டவர்கள்தான், இன்று கயிறு அறுந்தால் புதுக்கயிறு வாங்கிக் கட்டுகிறார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது மானுக்காக ஒரு தெருவே நாயைக் கட்டுகிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெரு கட்டுகிறது.

இப்போது உங்களுக்குச் சொல்ல வந்த ஒரு காலைப்பொழுதுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வாரம் ஒரு பெட்டைமான் கிணற்றில் விழுந்து செத்துப்போனது. அன்று நடையே இல்லை. நாய்களும் கட்டப்படவில்லை. யார் விரட்டினார்கள், எது விரட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்குள் வாய் சும்மா இருக்குமா? "இவங்கதான் தெனம் காட்டுக்குள்ள போய் மானை உசுப்பி வுடறாங்க" என்று ஆரம்பித்தது, மேலதிகாரிகள் வரைக்கும் போய்விட்டது. வனத்துறை ரேஞ்சர் ஜீப்பில் வந்தார். ஆரணிப் பக்கத்துக்காரர், வயதில் என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று ஜீப்பை விட்டு இறங்காமலே பேசினார்.

"மேல இருந்து கேக்கறாங்கக்கா. அடுத்த நடைக்கு நானே கூட வர்றேன். என் கண்ணு முன்னால ஒரு மானு கீழ எறங்கிச்சின்னா, நடையை மூடறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. முன்னாடியே சொல்லிட்டேன், அப்பறம் என் மேல வருத்தப்படாதீங்க."

மூடினால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நடைக்கு முன்னால் எங்கள் குழுவில் பாதிப் பெண்கள் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். இருட்டில் வேன் வரும், இருட்டில் திரும்பக் கொண்டுவந்து விடும். நடுவில் இருந்த பகலை நாங்கள் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. தோலும் பசையும் நாறும் அந்தக் கூடத்திலிருந்து எழுந்து வந்துதான், விடியலில் மலைச்சரிவில் நின்று மூச்சு விடுகிறோம். திரும்ப அந்த வேனில் ஏறுவதா? அன்று இரவு குழுவில் யார் வீட்டிலும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அந்த அடுத்த நடைக்கு ஒரே ஒரு விருந்தினர்தான் பதிந்திருந்தார். குடியாத்தத்துக்காரர். இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, தலை நரைத்து ஊர் திரும்பியவர். முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தார். ரேஞ்சரும் வந்திருந்தார். எங்கள் குழு அறையில் டீயை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, இவரும் நம்ம ஆள். லீவு நாட்களில் அங்கே மான் வேட்டைக்கு வருகிறவர்களை வயல்களும் சின்னச் சின்னக் காடுகளுமாக இருக்கிற நாட்டுப்புறத்தில் கூட்டிப் போய், மானுக்குக் கிட்டத்தில் கொண்டு நிறுத்துகிற வழிகாட்டியாக இருந்திருக்கிறார். அங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். மான் பெருத்துப்போனால் பயிரும் மரக்கன்றும் தாங்காது என்று, எந்தப் பருவத்தில் எந்த மான் என்று விதி வைத்துச் சுடுகிறார்கள்.

"அங்கயும் புள்ளி போட்ட மானு உண்டுங்க. நம்மளுது மாதிரியே இருக்கும், கொம்பு மட்டும் மொறம் மாதிரி அகலமா" என்று கைகளை விரித்துக் காட்டினார். "தப்பான வேலைன்னு சொல்ல வரல. சுத்தமா, நல்லா செஞ்ச வேலை. ஆனா எத்தினி தடவை கிட்டப் போனாலும் கடைசில ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கப்பறம் நான்தான் மொதல்ல நடந்து போய்ப் பாக்கணும், எங்க விழுந்து கெடக்குதுன்னு. தின்னுகினு இருக்கற மானை அப்படியே வுட்டுட்டு ஒரு தடவகூடத் திரும்பினது இல்ல. ஒரே ஒரு தடவை அப்படித் திரும்பணும். அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்துப்போன கொஞ்ச நேரத்திலேயே சண்டையும் வந்துவிட்டது.

"நாளைக்கு மேல இருந்துதானே எறங்கறோம்?" என்று கேட்டார். "மானு கீழ பாத்துதான் பயப்படும். மேல இருந்து ஒருத்தன் வருவான்னு எதிர்பாக்காது. அங்க மேடு கெடைச்சா நாங்க எப்பவும் மேல இருந்துதான்."

"அவரு சொல்றதும் சரியாத்தான் படுது, அக்கா" என்றார் ரேஞ்சர்.

சரிதான். அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. மானின் கண்ணை மட்டும் நினைத்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் ரேஞ்சரே வாயைத் திறந்து சொன்ன பிறகு, வருகிறவர் பெரிய அனுபவசாலி என்று தெரிந்த பிறகு, மறுப்பது லேசு இல்லை. நடை இருக்குமா போகுமா என்பதே ரேஞ்சரின் கையில் இருக்கிறது. அவரைப் பகைத்துக்கொள்ளலாமா? இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காட்டில் வருகிற நெருக்கடியைவிட டீ கிளாஸுக்கு முன்னால் வருகிற நெருக்கடி பெரிது. அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

"மேல இருந்து போனா மானு நம்மளப் பாக்காது, ஒத்துக்கறேன்" என்றேன். "மோந்துடும்ண்ணா. வெயில் வர்ற வரைக்கும் இந்த மலைல காத்து மேல இருந்து கீழதான் எறங்கும். மோந்துச்சின்னா எங்க ஓடும்?"

"கீழ."

"கீழ இன்னா இருக்கு? ரேஞ்சர் சாரைக் கேளுங்க."

ரேஞ்சர் டீயைப் பார்த்துக்கொண்டே, "கெணறு" என்றார்.

குடியாத்தத்துக்காரர் தாடையைத் தடவினார். பிறகு, "சரிம்மா. உங்க மலை, உங்க வழி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று, வழிகாட்டியாக இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

விடியலுக்கு முன்னால் ஓடைக்குள் இறங்கினோம். தெருவைத் தாண்டும்போது கட்டிப்போட்ட நாய்கள் ஒவ்வொன்றாக முனகின. அப்புறம் அதுவும் இல்லை. தண்ணீர் வற்றிய ஓடை, வழுவழுப்பான கற்கள், முகத்துக்கு நேராகச் சில்லென்று இறங்கி வருகிற மலைக்காற்று. அது நெல்லி வாசனையையும் ஈரப் புல்லையும் கொண்டு வந்தது. கூடவே இன்னொன்று, மாட்டுத் தொழுவமும் காட்டுப்பூவும் கலந்த மாதிரி ஒரு வாசனை. குடியாத்தத்துக்காரர் அதே நேரத்தில் மூக்கைத் தூக்கினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மான். அவர் யாரும் சொல்லாமல் தன் ஷூவைக் கழற்றி, லேஸை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். ரேஞ்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தார்.

பெரிய பாறை ஒன்றின் பின்னால் போய்ப் படுத்தோம். அதற்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மேட்டில், நெல்லி மரம். அதன் அடியில் கூட்டம். கொம்பில் இன்னும் மயிர்த்தோல் உரியாத ஒரு கலை என்கிற ஆண்மான், பெட்டைகள், ஒரு குட்டி. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் முட்டி முட்டிப் பால் குடித்தது. மேலே குரங்குகள் நெல்லிக்காயைக் கடித்துக் கடித்துப் போட்டன, கீழே மான்கள் அதைப் பொறுக்கின. மெல்லுகிற சத்தம். ஆண்டவனே, எத்தனை தடவை கேட்டாலும் அந்தச் சத்தம். ரேஞ்சரின் வயிறு ஒரு முறை உறுமியது. கலை தலையைத் தூக்கியது. நாங்கள் மூவரும் கல்லோடு கல்லானோம். அது திரும்பவும் குனிந்தது.

குடியாத்தத்துக்காரர் தொலைநோக்கியை எடுக்கவே இல்லை. கன்னத்தைப் பாறையில் வைத்துக்கொண்டு, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு முகட்டில் வெளிச்சம் மஞ்சளாகியது. வெயில் சரிவைத் தொட்டால் மண் சூடாகி, காற்று அப்படியே புரண்டு மேல்நோக்கி ஏறத் தொடங்கிவிடும். அதற்குள் திரும்பிவிட வேண்டும். போதும், போகலாம் என்று நான் விரலை மடக்கிக் காட்டினேன். அவர் தலையசைத்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் எழுதப்போவதில்லை. அவருக்கு வேண்டியது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. தின்றுகொண்டிருக்கிற மான்களை விட்டுவிட்டு அவர் பின்னால் நகரத் தொடங்கினார்.

அப்போதுதான் மேலே வெடி வெடித்தது.

மலைமேல் மொச்சைக் கொல்லை வைத்திருப்பவர்கள் குரங்கு விரட்ட வெடி போடுவார்கள். அவர்கள் பயிர், அவர்கள் வெடி. அதில் யாரைக் குறை சொல்வது? சத்தம் பாறைக்குப் பாறை மோதி மலை முழுக்க உருண்டது. குரங்குகள் கத்தின. கீழே ஊரில் கட்டிக்கிடந்த நாய்கள் ஒன்று சேர்ந்து குரைத்தன. மான் கூட்டம் ஒரே வீச்சில் நெல்லி மரத்தடியைக் காலி செய்துவிட்டு, சரிவில் கீழே, எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது.

வந்த வேகத்தில் நடுவில் ஒரு திட்டில் நின்றது. மான் அப்படித்தான். ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், பிறகு முடிவு செய்யும். எல்லாத் தலைகளும் மேலே, சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்தன. முன்னங்காலால் கலை தரையைத் தட்டியது. அடுத்த ஓட்டம் கீழேதான். எங்களைத் தாண்டினால் வேர்க்கடலைக் கொல்லை.

நான் நடைக்கு வந்த நாளிலிருந்து எந்த மானும் என்னைப் பார்த்ததில்லை. இது எனக்குப் பெரிய பெருமை. குழுவில் மற்றவர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள். அந்தப் பெருமை அன்றைக்கு எதற்கு உதவும்? எழுந்து நின்றேன். வெடுக்கென்று எழவில்லை, வீட்டில் முறத்தை வைத்துவிட்டு எழுந்திருப்பதுபோல. எழுந்து, பேச ஆரம்பித்தேன்.

"ரேஞ்சர் சார், நீங்க அந்தப் பக்கம் நடங்க. அண்ணா, நீங்க இந்தப் பக்கம். ஓடாதீங்க. கத்தாதீங்க. பேசிகினே நடங்க."

"இன்னா பேசறது?" என்றார் ரேஞ்சர். முகம் வெளுத்திருந்தது.

"எதையாச்சும் பேசுங்க சார். வூட்ல பேசற மாதிரி."

விறகுக்குப் போகும் பெண்கள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். மான் அவர்களைக் கண்டு ஓடாது. தலையைத் தூக்கும், ஒதுங்கும், வேறு பக்கம் நடக்கும். பேசுகிற மனிதன் எங்கே இருக்கிறான், எங்கே போகிறான் என்று அதற்குத் தெரியும். கத்தினால் ஏற்கெனவே மிரண்டது குருட்டுத்தனமாகப் பாயும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் விறகுக்குப் போன கால்கள் அந்த நொடியில் என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு அது.

ரேஞ்சர் நடக்கத் தொடங்கினார். அவருக்கு முதலில் வாயில் வந்தது ஒடுகத்தூரில் அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். "அந்தாளு மனுஷனே இல்லக்கா. மோட்டாரைப் போட்டா கரண்டு பில்லு ஏறுதாம். ரெண்டு பக்கெட்டுக்கு மேல தண்ணி வுட மாட்றான். என் பொண்டாட்டி என்னியத்தான் திட்டறா. காட்டுக்கே நீதான் ஆபீசருன்ற, ஒரு கொழாயத் தொறக்கத் துப்பு இல்லன்றா..." குரல் போகப் போகச் சூடு பிடித்தது. அந்த மனிதருக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம்.

நானும் என் பங்குக்கு, ரேஷன் கடையில் பாமாயில் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில் நடந்தேன். வலப்பக்கம் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். குடியாத்தத்துக்காரர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

"ண்ணா, பேசுங்க."

அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"ஒண்ணும் விழலண்ணா. வெறும் வெடி அது. எல்லாம் நிக்குது, பாருங்க. பேசுங்க."

அவர் தலையைத் தூக்கினார். கலை அவருக்கு நேராக நின்றது. "மேல போ" என்றார் மெதுவாக. பிறகு இன்னும் கொஞ்சம் தெளிவாக, "மேல போடா கண்ணு. இங்க ஒண்ணும் இல்ல. மேல போ, போ" என்று, வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே பக்கவாட்டில் நடந்தார். வெயில் சரிவைத் தொட்டது. காற்று புரண்டது. எந்தக் காற்றுக்குப் பயந்து திரும்பப் பார்த்தோமோ அதே காற்று, எங்கள் மூவரின் வியர்வையையும் தலை எண்ணெயையும் அள்ளிக்கொண்டு மேலே ஏறியது. கலையின் மூக்கு விரிந்தது. திரும்பியது. கூட்டம் ஓடவில்லை, நடந்தது. சரிவில் குறுக்காக, மேலே, ஒன்றன்பின் ஒன்றாக.

ஒரு பெட்டை மட்டும் போகவில்லை. நாலடி மேலே போகும், திரும்பிக் கீழே வரும், காலைத் தட்டும். இன்னும் கொஞ்சம் நெருக்கினால் போய்விடும் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"நில்லுங்கம்மா" என்றார் குடியாத்தத்துக்காரர். "குட்டி எங்க?"

நான் குட்டியை மறந்தே போனேன். அவர் மறக்கவில்லை. அவர் கண் எங்களுக்கு முன்னால் தேடவில்லை, பின்னால் தேடியது. ஓடையோரம், நாங்கள் படுத்திருந்த பாறைக்கும் கீழே, காய்ந்த புல்லுக்குள் புல்லாகக் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது குட்டி. முதல் பாய்ச்சலிலேயே எங்களைத் தாண்டி வந்து விழுந்து பதுங்கியிருக்கிறது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நாங்கள் வேலி போட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம்.

இரண்டு வழி இருந்தது. தாயை மேலே நெருக்கலாம். அது போகாது. எங்களைச் சுற்றிக்கொண்டு தலைதெறிக்கக் கீழே வரும், எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அல்லது வேலியைத் திறந்துவிடலாம். ஒரு மானை, தெரிந்தே, ரேஞ்சரின் கண்ணுக்கு முன்னால், கீழே இறங்க விடலாம்.

நான் பேச்சை நிறுத்தினேன். உட்கார்ந்தேன். மற்ற இருவருக்கும் கையைத் தாழ்த்திக் காட்டினேன். குடியாத்தத்துக்காரர் உடனே உட்கார்ந்துவிட்டார். ரேஞ்சர் உட்காரவில்லை.

"அக்கா. கீழ வருது."

"வரட்டும் சார். உக்காருங்க."

"அக்கா, நான் சொன்னது ஞாபகம்..."

"இருக்குது சார். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இதை நான் இன்றைக்கும் பெரிதாக நினைக்கிறேன். உத்தரவு போடுகிற இடத்தில் இருந்த ஒரு மனிதர், என் பேச்சைக் கேட்டு முள்ளில் உட்கார்ந்தார். வழி காட்டுகிறவர் மேல் வைக்கும் நம்பிக்கை என்று பாடத்தில் சொல்லித் தருவார்களே, அது அன்றைக்குக் காக்கிப் பேன்ட்டோடு நெருஞ்சிமுள் மேல் உட்கார்ந்திருந்தது.

பெட்டை எங்களுக்கு நடுவில் இறங்கி வந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று சொன்னால் பொய். ஆனால் அதன் கண்ணின் ஈரத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வந்தது. என்னையும் பார்த்தது. எங்களைத் தாண்டியது. இப்போது அதற்குக் கீழே கொல்லைகள்தான், கிணறுகள்தான். நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. ஒரு கயிறு அறுந்தால் போதும். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போதும். எங்கள் தெருப் பெண்களின் முடிச்சுகளை நம்பி நான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டை புல்லருகில் போய்க் குனிந்தது. குட்டி எழுந்தது. கால் நாலும் நாலு பக்கம் போக, சேர்த்துக்கொண்டு நின்றது. தாய் அதன் முதுகை ஒரு தடவை நக்கியது. பிறகு இரண்டும் வந்த வழியே திரும்பின. எங்களுக்கு நடுவில், மேலே, நெல்லி மரத்தைத் தாண்டி, மூங்கில் புதருக்குள். குட்டியின் வால் கடைசியாக வெள்ளையாக ஒரு தடவை தெரிந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. குடியாத்தத்துக்காரர்தான் முதலில் பேசினார். "சத்தம் கேட்டதும் எது விழுந்துச்சின்னுதான்மா கண்ணு தேடிச்சி. பழக்கம்." முகத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு கூட விழல."

"நீங்க குட்டியைப் பாக்கலன்னா விழுந்திருக்கும்ண்ணா" என்றேன். அதுதான் உண்மை. நான் கீழிருந்து வர வைத்தேன், அவர் குட்டியைக் கண்டார், ரேஞ்சர் உட்கார்ந்தார். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது. ஒளிந்துகொள்ள எல்லோரும் சொல்லித் தருவார்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது பேசுவது, எப்போது வாயை மூடி உட்கார்ந்து எல்லாவற்றையும் பணயம் வைப்பது என்பதை யாரும் சொல்லித் தர முடியாது. அந்த நேரம் வரும்போது உங்கள் கண் உங்கள் பெருமையின் மேல் இல்லாமல் மானின் மேல் இருக்கட்டும். பெருமை தானாகப் பின்னால் வந்து சேரும். என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் காலையை நினைத்தால் இந்தத் தேய்ந்த முட்டியோடும் நான் ஒரு விரல் கூடுதல் உயரமாகிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பி ஒடுகத்தூர் பஸ்ஸில் குடியாத்தத்துக்காரரை ஏற்றிவிட்டோம். அவர் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ரேஞ்சர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, பேன்ட்டிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் குழுப் பெண்கள் தெருமுனையில் கூடிவிட்டார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. எல்லோர் கண்ணும் என் மேல். நானே ஜீப்பிடம் போனேன்.

"சார், நடை உண்டா இல்லியா? சொல்லிட்டுப் போங்க."

"ஒரு மானு கீழ எறங்கிச்சே, அக்கா."

"எறங்கிச்சி. புள்ளையக் கூட்டினு ஏறிடுச்சி."

அவர் கையிலிருந்த முள்ளைப் பார்த்தார். வெளியே வீசினார். "நாளைக்கு யாரு கூட்டினு போறது?"

"நான்தான் சார்."

"அப்ப போய்ட்டு வாங்க." ஜீப்பைக் கிளப்பினார். கிளப்பியவர் தலையை வெளியே நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, நம்ம வூட்டுக்காரன் கதை ஒடுகத்தூருக்குள்ள போவக்கூடாது. சொல்லிட்டேன்."

"மானுங்க யாருகிட்டயும் சொல்லாது சார். என் வாய்க்குத்தான் கேரண்டி இல்ல."